அபிஷாவுக்கு வந்த வண்டி

அதில்லீங்க தம்பி. வாடகைக் கார்ல போறவங்கதான் வண்டியைப் பாத்துப் புடிக்கறாங்கன்னு ஒலகமே நம்பிட்டுக் கெடக்குது. மகா தப்புங்க. வண்டிக்காரருதான் போன்ல எங்க மொகத்தைப் பாத்துப் பொறுக்கறாரு. தலையை ஆட்டாதீங்க, தாடையில போட்ட கம்பி நகந்துரும்.

சண்டைக்கு வரலீங்க. ஆப்புல என்ற மேல நீங்க போட்ட புகாரை எடுத்துருங்க, போதும். நாளைக்கு எங்க ஊட்டுக்காரருக்கு சேலத்துல ரத்தம் சுத்தம் பண்ணோணும். இப்பவே மூச்சு வாங்குது. பஸ்ஸுல நிக்கத் தெம்பில்ல.

என்ற கன்னத்தைப் பாருங்க, எண்ணெய் கொட்டி வெந்தது. ஒட்டுவாரொட்டி இல்லீங்க. ரூபின்னு என்ற பேரு, இந்த மொகம், நாகலூர்ல இருந்து கூப்புட்டா ஒடனே கேன்சல். நீங்களே பண்ணியிருக்கீங்க. அப்பறந்தான் தங்கச்சி மவ அபிஷா படத்தைப் போட்டேன். பவுடர் பூசிச் சிரிக்கற படம். அடேங்கப்பா, பறந்து வந்தீங்க!

நொம்பப் பனி. நானும் மப்ளர் சுத்தியிருந்தேன். மலை எறக்கத்துல மப்ளரை அவுத்ததும் கண்ணாடியில பாத்தீங்க, போட்டீங்க பாருங்க ஒரு பிரேக்கு! திருட்டுக் கும்பல்னீங்க. பக்கத்துல இருந்த எங்க ஊட்டுக்காரரு காலரைப் புடிச்சு வெளிய இழுத்தீங்க. ரோட்டோரச் செவுத்துல மண்டை மோதி ரத்தம் கொட்டுச்சு. கீழ கெடந்தவரை வவுத்துலயே மிதிச்சீங்க. குறுக்க வந்த என்னை, இந்த மூஞ்சிக்குக் காரு கேக்குதான்னு அறைஞ்சீங்க.

போலீஸுக்கு நானும் போகல, நீங்களும் போகல. வழுக்கி உழுந்தேன்னு டாக்டருக்கு சைகை காட்டுனீங்களாமே? பின்ன என்னன்னு காட்டுவீங்க, பாவம். ஒரு பொம்பளை தூக்குப்போசியால தாடையப் பேத்துட்டான்னா? மூடி வரைக்கும் கஞ்சி இருந்துதுங்க, அதான் கனமா உழுந்துருச்சு. ரெண்டாவது போட்டது மட்டும் வேணும்னே போட்டதுங்க.

மொறைக்காதீங்க தம்பி, கண்ணு வீங்கியிருக்குது. அன்னைக்கு ராத்திரியே ஆள்மாறாட்டம்னு போன்ல தட்டிவுட்டுட்டீங்க. இப்ப என்ற நெம்பருக்கு ஒரு வண்டியும் வரமாட்டீங்குது.

கொண்டாங்க போனை. வெரலை வையுங்க. ஆங், தொறந்துருச்சு. இதென்னுங்க, ஆப் உங்க மொகத்தைக் காட்டச் சொல்லுது? இப்பிடித் திரும்புங்க. கட்டு மறைக்குது. இன்னொருக்கா. நேராப் பாருங்க. அசையாதீங்க.

படத்துல இருக்கற பிரபாகர் நீங்க இல்லீங்களாம். உங்க அக்கவுண்ட்டை மூடிட்டாங்க.