தரையைத் தொடாதேன்னு யாரும் சொல்லல

— சாக்பீஸைத் தொடாதேன்னு மொத நாளே சொன்னாங்களா இல்லியா, ருக்சானா?

— போர்டைத் தொடாதேன்னாங்க. தரையைத் தொடாதேன்னு யாரும் சொல்லலியே.

— வாயப் பாரு! இன்னும் நாலு நாள் ஆவல. புள்ளைங்களுக்குக் கை கழுவி வுடத்தானே உன்ன வேலைக்கு வச்சாங்க? வராண்டா பூரா அ, ஆன்னு கிறுக்கி வச்சிகீற.

— கொழாயாண்ட அத்தினி புள்ளைங்க சும்மா நிக்குதுங்க. கழுவறதுக்கு முன்னாடி எழுத்து மேல ஒரு வாட்டி வெரல ஓட்டுங்கடான்னேன். அது ஒரு குத்தமா?

— குத்தந்தான். மீன் விக்கிற துர்காதேவி காலைல நம்ம நாஸ்தா கடை முன்னால வந்து கத்திட்டுப் போச்சி. "எங்க உன் பொண்டாட்டி?"ன்னு. மத்தியானம் திரும்ப வருதாம்.

— பவித்ரா அம்மாவா? அந்தப் பொண்ணு பென்சிலக் கண்டாலே டெஸ்குக்கு அடில பூந்துக்குமே!

— அதாண்டயே போயி கை வச்சிகீற பாரு. யா அல்லா, பேஜாரு! ஹெச்செம் காதுக்குப் போச்சின்னா வேல காலி. அப்பால எந்த ஸ்கூல்ல உன்ன உள்ள வுடுவான்? அரை நாள் ஆயா வேல. வுட்டுட்டு வந்து கல்லால குந்து, ருக்சு.

— அரை நாள்னாலும் ஸ்கூல் வேலைங்க. மீதி அரை நாள் டெட் பரீட்சைக்குப் படிக்கிறேன். டீச்சர் ஆவாம வுட மாட்டேன். யார் திட்டுனாலும் நாளைக்கு எட்டே முக்காலுக்கு கேட்டாண்ட நிப்பேன்.

— அதோ, கூடையோட வருது. நீ உள்ள போ, நான் பேசிக்கிறேன்.

— நான் எதுக்குங்க ஒளியணும்? வாங்க, துர்காக்கா.

— நீதான் அந்தப் புது ஆயாவா? போன வாரந்தான் செவுத்துக்கு வெள்ளையடிச்சேன். எம் பொண்ணு அடுப்புக்கரிய எடுத்து, இந்த மூலைலேர்ந்து அந்த மூல வரிக்கும் அ, அ, அன்னு எழுதி நாஸ்தி பண்ணிட்சி!

— அக்கா... அடிச்சிட்டீங்களா அவள?

— கை ஓங்கிட்டேன். "டீச்சர் சொல்லிக்குடுத்தாங்க"ன்னு சிரிக்குது. ரெண்டு வர்சமா ஸ்கூலுக்குப் போவுது, ஒரு கோடு போட்டதில்ல. திரும்ப வெள்ளையடிக்க ஆளு எங்க வூட்டு வாசல்ல நிக்கிறாரு. எனக்கு மனசு வரல. நீயே சொல்லு டீச்சரம்மா, அழிக்கவா, வேணாவா?