கேட்டில் கொடுக்காத டிக்கெட்

என் குறிப்பேட்டில் ‘ஞாயிறு, காலை 11.20, கடுகண்ணாவை’ என்று இருக்கிறது. பழைய ஸ்டேஷனில் இருக்கும் ரயில் மியூசியம் அது. எனக்கு முன்னால் கொழும்பு வெள்ளவத்தைத் தம்பதி ஒன்று வரிசையில் நின்றது. மியூசியத்துக்குக் கொடுக்கவென்று கணவர் ஒரு பழைய அட்டை டிக்கெட்டை எடுத்தார். மனைவி அதை வாங்கிப் பார்த்தார்.

“கோட்டையிலயிருந்து வெள்ளவத்தைக்கு. இறங்கேக்க கேட்டில வாங்கிப்போடுவினமே. இது எப்பிடி உங்களிட்ட?”

“நான் கேட்டால வரேல்லை. தண்டவாளத்தால நடந்து போனனான்.”

“ஏன்?”

“கேட்டடியில உம்மைக் கூட்டிக்கொண்டு போக உம்மட அப்பா நிண்டவர், அவர் என்ர படத்தைப் பாத்தவர். நீர் வேலையால வாற ரயிலிலதான் நானும் வந்தனான். புரோக்கர் தந்த படத்தை வச்சு உம்மைக் கண்டுபிடிச்சனான்.”

“பொம்பிளை பாக்க ஞாயிற்றுக்கிழமைதானே வந்தனீங்கள்?”

“இது அதுக்கு முந்தின வெள்ளி.”

“இவ்வளவு வருஷமா வாயே திறக்கேல்லை. அண்டைக்குப் பாத்துப் பிடிச்சுதோ?”

“ஞாயிறும் வந்தனான்தானே.”

மனைவி சிரித்தார். “அப்ப இது மியூசியத்துக்கு இல்லை. உள்ள போய் எஞ்சினைப் பாப்பம், வாங்கோ.”

டிக்கெட்டில் குத்தியிருந்த திகதி வெள்ளிக்கிழமைதானா என்பதை என்னால் சரிபார்க்க முடியவில்லை. அதற்குள் அது மனைவியின் கைப்பைக்குள் போய்விட்டது.