பார்லிக்குப் பசி

காபிக்கு நன்றி, ஐயா. ஆனால் என்னால் உட்கார்ந்து பேச முடியாது. சன்னலோரம் நின்றுகொள்கிறேன். காற்று திசை மாறினால் எனக்கு இருப்புக்கொள்ளாது.

எல்லாம் உரத்தில் ஆரம்பித்தது. தம்பி மைரன் விதையை நெருக்கிப் போட்டு, நைட்ரஜன் உரத்தைக் குறைக்கச் சொன்னான். நான் இடைவெளி விட்டு விதைத்து உரத்தை அள்ளிக் கொடுக்கிறவன். பயிருக்கும் பசிக்கும் இல்லையா? போன வருடம் நிலத்தைப் பாதியாகப் பிரித்துப் போட்டி போட்டோம். அவன் பார்லி ஒரே சீராக விளைந்து பீர் ஆலைக்குப் போயிற்று. என்னுடையது கருகருவென்று வளர்ந்து, மழையில் சாய்ந்து, பீருக்கு ஆகாதபடி புரதம் கூடிவிட்டதென்று மாட்டுத் தீவனத்துக்குப் போனது.

"ஏம்பா ஓரெஸ்ட், உன் பார்லில பீர் காய்ச்சினா குடிச்சுட்டு நாங்க மாடாட்டம் கத்தணுமா?" என்று காபிக்கடையில் கேட்டார்கள். மைரனும் சேர்ந்து சிரித்தான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இந்த வசந்தத்தில் முழு நிலத்தையும் தன் கணக்குப்படி விதைக்கப்போவதாகச் சொன்னான் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

"கோச்சுக்காதண்ணே. மண்ணு கேக்குறதக் குடுப்போம். உனக்குத் தோணுறத இல்ல."

எங்கள் சஸ்காச்சுவான் மாகாணத்தில் அந்த உரம் அம்மோனியாவாக வெள்ளைத் தொட்டியில் வரும். கண்ணில் பட்டால் கழுவ, தொட்டியின் பக்கவாட்டில் ஒரு தண்ணீர்க் கலம் இருக்கும். விதைப்புக் காலத்திலும் இரவில் உறைபனி என்பதால், அதை மாலையில் வடித்துவிட்டுக் காலையில் நிரப்புவோம். நிரப்புவது என் வேலை. மைரன் ஒருநாளும் சரிபார்த்ததில்லை. அண்ணன்மேல் அவ்வளவு நம்பிக்கை.

அன்று நான் நிரப்பவில்லை. மறதி என்று ஊரே எனக்காகப் பரிந்து பேசியது. குழாய் இணைப்பின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தது. மாற்றச் சொல்லி அவன் வாங்கித் தந்த புது வளையம் இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள்.

குழாய் பிய்த்துக்கொண்டதும் வெள்ளையாகப் புகை கிளம்பியது. மைரன் கண்ணை மூடியபடி தடவித் தடவிப் போய்த் தண்ணீர்க் கலத்தின் குழாயைத் திருகினான். "அண்ணே, தண்ணி" என்றான். பிறகு இருமல்தான். நான் காற்று வரும் பக்கம் நின்றிருந்தேன். அவன் அடங்கிய பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

அப்புறம் நிலம் முழுவதும் என் கணக்குப்படி விதைத்தேன். இடுப்பளவு வளர்ந்து மொத்தமும் படுத்துவிட்டது. மழைதான் காரணம். ஆனாலும் அந்தப் பயிரைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்க முடியவில்லை. அதனால்தான் நானாகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

என் கை ஏன் அடிக்கடி சட்டைப் பைக்குப் போகிறது என்று கேட்டீர்களே. அம்மோனியாவைத் தொடுகிறவன் பையில் ஒரு சின்னத் தண்ணீர்ப் புட்டி இருக்க வேண்டும். மைரனுக்கு அதெல்லாம் அசட்டை. அன்றும் என் பையில் புட்டி இருந்தது, நிறையத் தண்ணீரோடு. பாதுகாப்பு விஷயத்தில் நான் ஒருநாளும் குறை வைத்ததில்லை, ஐயா.