மூடுபனிக்கு ஏற்ற விளக்கு

வண்டிக்குக் கூடுதல் விளக்கு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பட்டப்பகலில் கடைக்குப் போய் வாங்குகிறார்கள். முதல் தவறு அங்கேதான். கடைக்காரர் விளக்கைச் சுவரில் அடித்துக் காட்டுவார். பளீரென்று இருக்கும். சுவரில் அடித்தால் எந்த விளக்கும் பளீரென்றுதான் இருக்கும், ஐயா. காட்டுப் பாதையில் சுவர் கிடையாது.

எழுதிக்கொள்கிற தம்பியைக் கொஞ்சம் நிதானமாக எழுதச் சொல்லுங்கள். நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை, நானேதான் கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறேன். அதனால் எனக்கு அவசரம் இல்லை. உங்கள் கண்ணாடி அடிக்கடி மூக்கில் இறங்கி வருவதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். மூக்குத்தாங்கி தளர்ந்திருக்கிறது. பேசி முடித்தபின் கொடுங்கள், இங்கேயே சரிசெய்து தருகிறேன்.

என் தொழிலே அதுதான். மூக்குக்கண்ணாடிக் கடை. ஒரு கண்ணுக்கு எந்த வெளிச்சம் ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று நாள் முழுக்கப் பார்க்கிறவன் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கரடுமுரடான பாதைகளில் வண்டி ஓட்டுகிற எங்கள் கிளப்போடு போவேன். எல்லோரிடமும் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி. யானை ஏறினாலும் தாங்கும் டயர். பாதிப் பேர் அந்த வண்டியில் போகிற மிகக் கஷ்டமான பாதை, குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுகிற சந்துதான். அதில் நான் குறை சொல்ல மாட்டேன். அவரவர் ஆசை.

கிளப்பில் என்னை லைட்டண்ணன் என்று கூப்பிடுவார்கள். யார் வண்டி வாங்கினாலும் சாவியை வீட்டில் காட்டிவிட்டு நேராக என்னிடம் வருவார்கள். "அண்ணே, என்ன லைட்டு போடலாம்?" நான் உட்காரவைத்துச் சொல்வேன். ஊசி மாதிரி தூரத்துக்குப் பாய்கிற விளக்கு வேறு, பக்கவாட்டில் விரிகிற விளக்கு வேறு. முதலாவது வேகமாகப் போகிறவனுக்கு, இரண்டாவது மெதுவாகப் போகிறவனுக்கு. கூரைமேல் வைத்தால் வெளிச்சம் பானெட்டில் பட்டு உன் கண்ணுக்கே திரும்பி வரும். மூடுபனிக்கு வெள்ளை கூடவே கூடாது. பனியில் பட்டு வெள்ளைத் துணி கட்டினமாதிரி எதிரே நின்றுவிடும். மஞ்சள்தான் போட வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லி என் மனைவிக்கே மனப்பாடம். தொலைபேசியில் யாராவது என்னைக் கேட்டால், "அவர் குளிக்கிறாரு, மஞ்சள் போடுங்க" என்று சொல்லி வைத்துவிடுவாள்.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் டைல்ஸ்காரர் வந்து சேர்ந்தார்.

அவரைப் பற்றித் தப்பாகச் சொல்ல ஒன்றுமில்லை. டைல்ஸ் கடை வைத்திருந்தார். தங்கமான மனிதர். யார் வண்டி சேற்றில் மாட்டினாலும் முதலில் இறங்கி முழங்கால்வரை நனைகிறவர் அவர்தான். பெரிய பிளாஸ்க்கில் தேநீர் கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்றித் தருவார். புதிதாகப் பிக்கப் வண்டி வாங்கியதும் முறைப்படி என் கடைக்கு வந்தார். ஒரு மாலை முழுக்க நான் பேசினேன், அவர் தலையாட்டினார். தலையாட்டிவிட்டுப் போய், கூரையின் அகலத்துக்கு ஒரு நீளமான வெள்ளை விளக்குப் பட்டையை வாங்கி மாட்டிக்கொண்டார்.

அடுத்த கூட்டத்தில் அதைப் போட்டுக் காட்டினார். வண்டி நிறுத்துமிடம் முழுக்கப் பகலாகிவிட்டது. என் பேச்சைக் கேட்டு மஞ்சள் விளக்கு மாட்டியவர்கள்கூட வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

"கல்யாண மண்டபம் மாதிரி இருக்கேய்யா," என்றார் கிளப் தலைவர். அவர் பாராட்டாகத்தான் சொன்னார்.

நான் டைல்ஸ்காரரிடம் போய் மெதுவாகக் கேட்டேன். "மூடுபனியில என்ன பண்ணுவீங்க?"

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. கலர்ல ஒண்ணும் இல்லையாம். எவ்வளவு உயரத்துல மாட்டுறோம்கிறதுலதான் எல்லாமே இருக்காம். படிச்சுப் பார்த்தேன்."

"அப்ப ஏன் கூரைமேல மாட்டியிருக்கீங்க?"

"அங்கதான் பார்க்க அழகா இருக்கு," என்று சிரித்தார். சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அவர்மேல் கோபம் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி.

அதற்குப் பிறகு ஆட்கள் அவரிடம் கேட்க ஆரம்பித்தார்கள். அவருக்குத் தெரியாது என்று அவரே சொல்வார். "லைட்டண்ணனைக் கேளுங்கப்பா" என்று என் பக்கம் கையைக் காட்டுவார். அது இன்னும் மோசம். அவர் அனுப்பிவைத்துத்தான் என்னிடம் ஆள் வருவது போல ஆகிவிட்டது. ஆண்டுக் கூட்டத்தில் விளக்குகளைப் பற்றி எப்போதும் நான்தான் பேசுவேன். இந்த முறை தலைவர் கூப்பிட்டு, "நீங்களும் டைல்ஸ்காரரும் ஆளுக்குப் பாதிப் பாதி பேசிடுங்களேன்" என்றார். நான் சரி என்றேன். வீட்டில் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன் போலிருக்கிறது. மனைவி தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "ஒரு பல்புக்காகவா மூஞ்சியை இப்படித் தூக்கி வச்சிருக்கீங்க?"

பல்பு விஷயம் இல்லை, ஐயா. தவறான ஒரு கருத்து மனிதர்களிடம் பரவுகிறது. அதைக் கேட்டு நாளைக்கு ஒருவர் மூடுபனியில் வெள்ளை விளக்கோடு போய் எங்காவது விழுந்து செத்தால் யார் பொறுப்பு? நான் யோசித்ததெல்லாம் மற்றவர்களின் உயிரைப் பற்றித்தான்.

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. இதைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். மலைப்பாதையில் மூடுபனி இறங்கினால் முன்னால் போகிற வண்டியின் பின்விளக்குகூடத் தெரியாது. ஒட்டிக்கொண்டு போனால் இடித்துக்கொள்வோம். அதனால் நல்ல இடைவெளி விட்டுத்தான் போவோம். பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில், முதலில் போகிறவர் இறங்கி, பாட்டரியில் எரிகிற ஒரு மஞ்சள் விளக்கைத் தரையில் வைத்துவிட்டுப் போவார். விளக்கு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். கடைசியில் வருகிறவர் அதை எடுத்துக்கொண்டு வருவார். வரைபடம், போன் எதையும் பார்க்கத் தேவையில்லை. விளக்கை நம்பினால் போதும். இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவனே நான்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போக வேண்டிய பாதையை நான் முன்கூட்டியே ஒருமுறை தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மேலே ஏறியதும் பாதை பிரிகிறது. வலது பக்கம் நல்ல பாதை. இடது பக்கம் பழைய பாதை. கொஞ்ச தூரத்தில் ஒரு பாலம் இருந்தது, மழையில் போய்விட்டது. கீழே பாறை. குறுக்கே வைத்திருந்த தகரத் தடுப்பை யாரோ பழைய இரும்புக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். அதை எடுத்தது நான் இல்லை. 'பாலம் இல்லை' என்று ஒரு போர்டு மட்டும் ஓரமாக நின்றது. அதற்கு அப்புறமும் ஒரு வண்டி தாராளமாக நிற்க இடம் இருந்தது. போர்டைப் பார்க்கிறவன் பிரேக் போட்டால் பிழைத்துக்கொள்வான்.

அதாவது, அது ஒரு நியாயமான சோதனை. மஞ்சள் விளக்கு போட்டவனுக்குப் போர்டு தெரியும். வெள்ளை போட்டவனுக்குத் தெரியாது. கடையில் கண் பரிசோதிக்கும்போதும் அப்படித்தான். எழுத்துப் பலகையை எதிரே வைப்போம். படிக்கிறாயா, இல்லையா என்பதுதான் கேள்வி. அதில் பகை எங்கே வந்தது?

விடிந்தும் விடியாத நேரத்தில் கிளம்பினோம். நான் முதலில். எனக்குப் பின்னால் டைல்ஸ்காரர். "புதுசா வந்தவர், என் பின்னாலேயே வரட்டும்" என்று நான்தான் சொன்னேன். எல்லோரும் அதை அக்கறை என்று எடுத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் அடிவாரத்தில், பாதையில் பிடிப்பு கிடைக்க டயர்களில் காற்றைக் குறைத்துக்கொண்டு பின்தங்கிவிட்டார்கள். டைல்ஸ்காரர் தன் மனைவியையும் கூட்டிவருவதாக இருந்தார். அந்தப் பெண்ணுக்குப் பல்வலி, வரவில்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் கொடுமைக்காரன் இல்லை. வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசிக்கிற நிலை ஏற்படவில்லை, அவ்வளவுதான்.

பாதி மலையில் பனி இறங்கியது. பிரிவில் வண்டியை நிறுத்தி இறங்கினேன். விளக்கை இடது பக்கம் வைத்தேன். பிறகு வலது பக்கப் பாதையில் கொஞ்ச தூரம் போய் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

வாக்கிடாக்கியில் அவர் குரல் வந்தது. அடிவாரத்தில் இருந்தவர்களுக்கு அது எட்டாது. "அண்ணே, பிரிவுக்கு வந்துட்டேன். லைட்டு இடது பக்கம் இருக்கு. வரட்டுமா?"

"லைட்டு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்," என்றேன். கிளப் விதிப்படி அதுதான் சரியான பதில்.

"சரிண்ணே. மேல வந்ததும் முதல்ல தேநீர். இஞ்சி தட்டிப் போட்டிருக்கேன்."

அவர் வண்டிச் சத்தம் இடது பக்கமாகப் போனது. பிறகு மறுபடியும் அவர்தான். "அண்ணே, முன்னாடி ஒரு போர்டு தெரியுதே. பாலம் இல்லைன்னு போட்டிருக்கு." வண்டி நின்ற சத்தம் கேட்டது. "என்னண்ணே இது, பழைய போர்டா? லைட்டு நீங்க வச்சதுதானே?"

நான் உண்மையிலேயே குழம்பிப்போனேன், ஐயா. வெள்ளை விளக்கில் அந்தப் போர்டு தெரிய வழியே இல்லை. கூரையிலிருந்து அடிக்கிற வெள்ளையில் அவருக்குத் தன் பானெட்டே தெரியக் கூடாது. எப்படித் தெரிந்தது? நான் இத்தனை வருஷம் சொல்லிவந்தது தப்பா? அந்த ஒரு நிமிஷம் எனக்கு எவ்வளவு வேதனையாக இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

"அண்ணே, கேக்குதா? நீங்க வச்சதுதானே?"

"நான் வச்சதுதான்," என்றேன். அதில் ஒரு பொய்யும் இல்லை.

"அப்ப சரிண்ணே," என்றார்.

சத்தம் நான் நினைத்த அளவுக்குப் பெரிதாக இல்லை. பனி சத்தத்தையும் அமுக்கிவிடும் போலிருக்கிறது. நான் நடந்து போய், முதலில் விளக்கை எடுத்து வலது பக்கம் வைத்தேன். பின்னால் வருகிறவர்களுக்கு வழி தெரிய வேண்டுமே. அவர்கள் வண்டிகளில் நான் சொன்ன விளக்குகள்தான் இருந்தன, அவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பிறகு பாலம் இருந்த இடத்துக்குப் போய், கீழே வெளிச்சம் தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. கூப்பிட்டுப் பார்த்தாயா என்று கேட்கிறீர்கள். இல்லை. நான் வெளிச்சத்தைத்தான் தேடினேன்.

மற்றவர்கள் வந்ததும் எல்லோரும் சேர்ந்து தேடினோம். அவர் வழி தவறி இடது பக்கம் போய்விட்டார் என்று அவர்களே முடிவுக்கு வந்தார்கள். உங்கள் ஆட்களும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். நான் யாரிடமும் எதையும் மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை.

வண்டியைக் கிரேன் வைத்துத் தூக்கியபோது நானும் கூட்டத்தில் நின்றேன். கூரையில் அந்தப் பட்டையைக் காணோம். அது விழுந்ததில் கழன்று போகவில்லை. ஏற்கெனவே கழற்றி, திருகு இருந்த ஓட்டைகளை ரப்பர் வைத்து அடைத்திருந்தார். கிளம்பும்போது அரையிருட்டில் நான் கவனிக்கவில்லை. பம்பருக்குக் கீழே இரண்டு புது விளக்குகள். மஞ்சள். ஒன்று உடைந்திருந்தது, இன்னொன்றில் ஒரு கீறல்கூட இல்லை.

துக்கத்துக்குப் போனபோது அவர் மனைவி என்னைப் பார்த்துத்தான் அழுதாள். "முந்தின நாள்தான் அண்ணா மாத்தினாரு. உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும், மேல போய்க் காட்டுறேன்னு சொன்னாரு. வெள்ளையே இருந்திருந்தா போர்டு தெரிஞ்சிருக்குமோ, பிழைச்சிருப்பாரோ?"

நான் எழுந்து வந்துவிட்டேன். துக்க வீட்டில் விவாதம் செய்யக் கூடாது.

ஆனால் அந்தப் பேச்சு அங்கேயே நிற்கவில்லை. உங்கள் ஸ்டேஷனிலிருந்து போன அறிக்கையில், மூடுபனியில் மஞ்சள் விளக்கு போதிய வெளிச்சம் தராததால் எச்சரிக்கைப் பலகையைக் கவனிக்காமல் ஓட்டியதே விபத்துக்குக் காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். போன கூட்டத்தில் தலைவர் அதை எழுந்து நின்று வாசித்தார். இனி யாரும் மஞ்சளை நம்ப வேண்டாம் என்று கை தூக்கி முடிவெடுத்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரும் கை தூக்கினார். அவர் வண்டிக்கு மஞ்சள் மாட்டிக் கொடுத்தவனே நான்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. ஒரு மனிதர் செத்துப்போயிருக்கிறார், அவர் சாவை வைத்து ஒரு பொய் ஊரெல்லாம் சுற்றுகிறது. மனசாட்சி உள்ளவன் எப்படிச் சும்மா இருப்பான்?

அதனால்தான் வந்தேன். அவருக்குப் போர்டு தெரிந்தது, ஐயா. அந்தப் பனியில் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார், வண்டியை நிறுத்தவும் செய்தார். என் சொல்லைக் கேட்டுத்தான் மறுபடியும் கிளப்பினார். கொன்றது நான். அதை எங்கே கையெழுத்துப் போடச் சொல்கிறீர்களோ அங்கே போடுகிறேன். ஆனால் முதலில் அந்தப் பழைய அறிக்கையை எடுத்து, காரணம் என்று இருக்கிற இடத்தில் விளக்கை அடித்துவிட்டு என்னை எழுதுங்கள். விளக்குமேல் ஒரு குறையும் இல்லை.