தண்ணீர் பழக ஆறு வாரம்

மீன் வளர்க்க ஆரம்பிக்கிறவர்கள் செய்கிற முதல் தவறு, மீன் வாங்குவது. முதலில் வாங்க வேண்டியது தொட்டி. அதில் தண்ணீர் ஊற்றி, பம்பை ஓடவிட்டு, மீன் இல்லாமலே ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். பம்பின் பஞ்சுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் குடியேற அத்தனை நாள் ஆகும். மீன் கழிக்கிற விஷத்தை அவைதான் தின்று தீர்க்கும். அவற்றுக்காக, தினமும் ஒரு சிட்டிகைத் தீனியை வெறும் தண்ணீரில் போட்டு வர வேண்டும்.

நான் அப்படிப் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து என் அக்கா சொன்னாள்: "ஆளே வரல, அதுக்குள்ள பந்தி போட்டாச்சா?"

இன்ஸ்பெக்டர் ஐயா, அன்று நீங்கள் விசாரிக்க வீட்டுக்கு வந்தபோது என்னிடம் நான்கு கேள்விகள் கேட்டீர்கள். கரண்ட் எத்தனை மணிக்குப் போனது, அப்போது நான் எங்கே இருந்தேன், எந்த ப்ளக்கை மாட்டினேன், எப்போது மாற்றி மாட்டினேன். நான்குக்கும் உண்மையைத்தான் சொன்னேன். நீங்கள் எழுதிக்கொண்டு, "மனச விட்றாதீங்கம்மா, பதட்டத்துல யாருக்கும் வர்றதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். உங்கள் கையெழுத்து நன்றாக இருந்தது. நான் முப்பத்தோரு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவள்; நல்ல கையெழுத்தைக் கண்டால் கவனிப்பேன். உங்கள் அறிக்கையில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அது பாதியில் நிற்கிறது. மீதியை நான் எழுதித் தருகிறேன்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அம்மா போனபோது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினெட்டு. அவள்தான் என்னை வளர்த்தாள். பள்ளியில் கணக்கு டீச்சர். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் 'மைனஸ்'. அது அவளுக்கும் தெரியும். "ப்ளஸ்னு வச்சிருந்தா நான் வேலையே செய்யலேன்னு அர்த்தம்" என்பாள்.

அவளைக் கொடுமைக்காரி என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. என்மேல் கை வைத்ததே இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அவள் சொல்வது எப்போதும் சரியாக இருக்கும். அவள் சோதிடம் எதுவும் சொல்லவில்லை. பார்ப்பாள், சொல்வாள், அது அப்படியே இருக்கும். "குடை எடுத்துக்கோ" என்றால் மழை பெய்யும். "அந்தச் செருப்பு கடிக்கும்" என்றால் கடிக்கும்.

எனக்கு இருபத்தேழு வயதில், அச்சகத்தில் எந்திரம் ஓட்டிய ஒருவர் இரண்டு முறை வீட்டுக்கு வந்தார். நல்ல குரல். இரண்டாவது முறை அவர் போனபிறகு, அக்கா டம்ளர் கழுவிக்கொண்டே சொன்னாள்: "நல்லாத்தான் பேசறான். ஆனா நீ பேசும்போது கதவைப் பாக்கறான்." அவ்வளவுதான் சொன்னாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன்பிறகு நானும் அவர் கண்ணைக் கவனிக்க ஆரம்பித்தேன். அவர் கதவைத்தான் பார்த்தார். நான் விலகிக்கொண்டேன். அவர் வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்டு, நான்கு வருடத்தில் அவளையும் இரண்டு குழந்தைகளையும் விட்டுவிட்டுப் போனார். செய்தியை அக்காவிடம் சொன்னேன். "ம்" என்றாள். வேறு யாராக இருந்தாலும் 'அப்பவே சொன்னேன்ல' என்றிருப்பார்கள். அவள் அதைக்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

போன வருடம் அவளுடைய நுரையீரல் கெட்டது. முன்னறையில் கட்டிலைப் போட்டு, பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷினை வைத்தோம். கரண்டில் ஓடுவது. அதன் முன்பக்கத்தில் தண்ணீர் நிரப்பிய சின்ன பாட்டில் ஒன்று இருக்கும். காற்று அதன் வழியாகக் குமிழி விட்டுக்கொண்டு, குழாயில் ஏறி மூக்குக்குப் போகும். பகல் முழுக்க அந்தக் குமிழிச் சத்தம்தான். முதல் வாரம் தொந்தரவாக இருந்தது. பிறகு, அது கேட்கவில்லை என்றால்தான் திரும்பிப் பார்ப்பேன்.

வாரம் இருமுறை வந்த நர்ஸ்தான் மீன் யோசனையைச் சொன்னாள். "பாத்துட்டே இருந்தா மனசு லேசாகும், டீச்சர்."

"என் மனசு லேசாத்தான் இருக்கு. நெஞ்சுதான் கனமா இருக்கு" என்றாள் அக்கா. "இவளுக்கு வாங்கிக் குடு. இவதான் நாள் பூரா என் மூக்கையே பாத்துட்டு உக்காந்திருக்கா."

அன்றைக்கே போய் ஒரு கண்ணாடிக் குடுவையும் இரண்டு தங்கமீன்களும் வாங்கி வந்தேன். அக்கா ஒரு பார்வை பார்த்தாள். "ரெண்டு நாள்" என்றாள். மூன்றாம் நாள் காலையில் இரண்டும் மிதந்தன. "பரவால்லையே, ஒரு நாள் சேத்து இருந்துடுச்சே" என்றாள்.

பிறகு நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படித்தேன். தங்கமீன் நிறையக் கழிக்கும், பெரிதாக வளரும், குடுவை அதற்கு ஆகாது. தொட்டி அகலமாக இருக்க வேண்டும். தண்ணீரின் மேற்பரப்பு எவ்வளவு விரிந்திருக்கிறதோ அவ்வளவு காற்று உள்ளே இறங்கும். குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு, அதை முறிக்க வேண்டும். ஜன்னல் வெயில் பட்டால் பாசி பிடிக்கும். கூட்டமாக வாழும் மீனைத் தனியாக விடக் கூடாது, தனியாக வாழும் மீனைக் கூட்டத்தில் விடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, தண்ணீர் பழக வேண்டும்.

என் வாழ்க்கையில் நானாக ஆரம்பித்த காரியம் இது ஒன்றுதான். ஐம்பத்தெட்டு வயதில் இப்படி எழுத வெட்கமாக இருக்கிறது. தொட்டியை அக்காவின் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் வைத்தேன். பம்ப் மாட்டினேன். அதுவும் குமிழி விட்டது. முன்னறையில் இப்போது இரண்டு குமிழிச் சத்தம். தினமும் சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து, மருந்துச் சொட்டு விட்டு, நிறம் பார்ப்பேன். முதல் வாரங்களில் பச்சை ஏறிக்கொண்டே போனது. நான்காவது வாரம் இறங்க ஆரம்பித்தது. ஆறாவது வார முடிவில் தெளிவான மஞ்சள். விஷம் துளியும் இல்லை என்று அர்த்தம். அச்சகத்தில் பிழையில்லாத பக்கத்தைப் பார்க்கும்போது வருகிற அமைதி அன்று எனக்கு வந்தது.

வரிக்குதிரை மாதிரி கோடு போட்ட சின்ன மீன்கள் ஆறு வாங்குவதென்று முடிவு செய்திருந்தேன். ஆரம்பிக்கிறவர்களுக்கு ஏற்றவை. சுறுசுறுப்பானவை, எதையும் தாங்கும், ஆறாக இருந்தால்தான் பயமில்லாமல் நீந்தும். கடைக்காரர் நல்ல மனிதர். வீட்டை விட்டு நகர முடியாதவள் என்று தெரிந்து, அவரே எடுத்து வந்தார். ஒரு பையில் என்னுடைய ஆறு மீன்கள். இன்னொரு பையில், வேறு வீட்டுக்குக் கொண்டு போகிற ஃபைட்டர் மீன் ஒன்று. கருநீலம், துடுப்பு மட்டும் சிவப்பு.

நான் அவருக்குத் தேநீர் போட அடுப்படிக்குப் போனேன். இரண்டு பேரும் பேசிச் சிரிப்பது கேட்டது. அக்காவுக்கு யாரிடமும் விவரம் கேட்டுத் தெரிந்துகொள்வதில் ஆசை அதிகம். திரும்பி வந்தபோது, தொட்டியில் அந்த நீல மீன் மிதக்கும் பைக்குள் இருந்தது. என் ஆறு மீன்களும் அவருடைய கூடைக்குத் திரும்பிப் போயிருந்தன.

"இதுதாண்டி உனக்குச் சரி" என்றாள் அக்கா. "அந்த ஆறும் ஒரு இடத்துல நிக்காது. உனக்கு எண்ணி எண்ணியே உயிர் போயிடும். இது ஒண்ணே ஒண்ணு. தனியாத்தான் இருக்குமாம். நம்ம வீட்டுக்குப் பொருத்தம்."

"டீச்சர் சொல்றது கரெக்டுதாங்க" என்றார் கடைக்காரர். "உங்களுக்கு இது போதும்."

நான் தேநீரை அவர் கையில் கொடுத்தேன்.

அக்கா சொன்னது சரியாகத்தான் இருந்தது. அந்த மீன் நன்றாக வாழ்ந்தது. நான் அருகில் போனால் கண்ணாடிக்கு வந்து நின்றது. விரலிலிருந்து தீனி வாங்கித் தின்றது. அக்கா கட்டிலில் சாய்ந்தபடியே அதனிடம் பேசுவாள். "என்னடா, இன்னைக்கு மூஞ்சி சரியில்ல?" ஆறு வாரம் நான் பழக்கிய தண்ணீரில் அவளுடைய மீன் இருந்தது. பம்ப் தேவையில்லை என்று தெரிந்தும் நான் நிறுத்தவில்லை. அது என்னுடைய பம்ப்.

இனி அந்த நாள். பராமரிப்பு வேலைக்காகப் பத்து மணிக்குக் கரண்ட் நிறுத்தப் போவதாக முந்தின நாளே நோட்டீஸ் வந்திருந்தது. எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. அதிலிருந்து முன்னறைக்கு ஒரே ஒரு பாயிண்ட். கரண்ட் போனதும் ஆக்ஸிஜன் மெஷின் ப்ளக்கைக் கழற்றி அதில் மாட்ட வேண்டும். அதற்கு முன் பத்துப் பன்னிரண்டு தடவையாவது மாட்டியிருக்கிறேன். "பத்து நிமிஷம் தாங்குவாங்க, அதுக்கு மேல விட்றாதீங்க" என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அக்காவால் கட்டிலை விட்டு எழ முடியாது.

அன்று அவர்கள் கால் மணி நேரம் முன்னதாகவே நிறுத்திவிட்டார்கள். நான் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு சத்தமும் ஒன்றாக நின்றன. வீட்டில் அப்படி ஒரு நிசப்தத்தை நான் கேட்டதில்லை. ஈரக் கையோடு குனிந்து, கைக்கு அகப்பட்ட ப்ளக்கைப் பிடுங்கி இன்வெர்ட்டர் பாயிண்டில் மாட்டினேன். குமிழிச் சத்தம் கேட்டது. அப்பாடா என்று நிமிர்ந்தேன்.

உங்களிடம் சொன்னது இதுவரையும், மாற்றி மாட்டிய நேரமும்தான். இது உண்மை. அது மெஷின் பாட்டில் சத்தம் என்றுதான் நினைத்தேன். அந்த இரண்டு சத்தத்துக்கும் வித்தியாசம் சொல்ல யாராலும் முடியாது. இப்போதும் என்னால் முடியவில்லை. மெஷினைக் கம்பெனிக்காரர்கள் எடுத்துப் போய் நான்கு மாதம் ஆகிறது. பம்பை நானே நிறுத்தி, கழுவி, அலமாரியில் வைத்துவிட்டேன். முன்னறைக்குள் நுழைந்தால் இரண்டும் கேட்கின்றன.

அக்கா அப்போது ஏதாவது பேசினாளா என்று நீங்கள் கேட்கவில்லை. பேசினாள்.

முதலில் சிரித்தாள். "ஏய், அது மீனோடதுடி." நான் திரும்பிப் பார்த்தேன். தொட்டியில்தான் குமிழி ஏறிக்கொண்டிருந்தது. "அதுக்கு எதுக்கு? அது மேல வந்து காத்தைக் குடிச்சுக்கும்னு கடைக்காரர் சொன்னாரே. நீ புஸ்தகத்துல படிக்கல?" மூச்சு வாங்கிக்கொண்டு, "ஆறு வாரம் படிச்ச" என்றாள்.

படித்திருந்தேன். ஃபைட்டருக்குத் தலைக்குள் தனியாக ஓர் உறுப்பு உண்டு. தண்ணீரில் காற்றே இல்லாவிட்டாலும் மேலே வந்து வாயால் எடுத்துக்கொள்ளும். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.

இரண்டடி தூரம், ஐயா. குனிந்து, ஒன்றை எடுத்து இன்னொன்றை மாட்ட வேண்டும். அது என் தொழில். பிழை கண்ணில் பட்டால் கை தானாகப் போகும். அன்று போகவில்லை. போனால், அவள் சொல்லித்தான் போனதாக ஆகும். குடை மாதிரி, செருப்பு மாதிரி. அவள் சொன்னது நடக்காத ஒரே ஒரு தடவை எனக்கு வேண்டும் போலிருந்தது. இதை அப்போதே இவ்வளவு தெளிவாக நினைத்தேன் என்று சொல்ல மாட்டேன். அப்போது நினைத்தது, பம்ப் நின்றால் பஞ்சிலிருக்கும் நுண்ணுயிர்கள் செத்துவிடும், ஆறு வாரம் வீணாகும் என்பதுதான். நாற்காலியில் உட்கார்ந்தேன். கையைத் துண்டில் துடைத்தேன்.

"விளையாடாதடி" என்றாள். பிறகு என் பெயரைச் சொன்னாள். அம்மா என்னைக் கூப்பிடுகிற மாதிரி, பாதிப் பெயர்.  பிறகு என்னைப் பார்க்கவில்லை. மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒரு முறை மேலே வந்து, வாயைத் திறந்து, ஒரு மடக்குக் காற்று எடுத்துக்கொண்டு கீழே போனது. அவள் உதடும் அதே மாதிரி திறந்தது. அவள் கண்ணில் கோபம் இல்லை. கணக்குத் தப்பாகப் போட்ட பிள்ளையை, தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டு நிற்பாளே, அந்தப் பொறுமை இருந்தது.

சுவர்க் கடிகாரத்தில் இருபத்து மூன்று நிமிடம் ஆனது. அதன்பிறகு எழுந்து, பம்ப் ப்ளக்கைக் கழற்றி, மெஷின் ப்ளக்கை மாட்டினேன். யாரும் சொல்லவில்லை. நானாகவே மாட்டினேன்.