ருக்மணி டீச்சரை வீட்டுக்குக் கொண்டுவந்தது குறித்து

பெயர்: கேத்தரின் மேரி. கணவர்: காலஞ்சென்ற டொமினிக். வயது: 67. தொழில்: உயர்நிலைப் பள்ளிக் கணக்கு ஆசிரியை, 1990இல் ஓய்வு. விலாசம்: காக்ஸ் டவுன், பெங்களூர். நாள்: 14.9.1999, காலை பத்தரை மணி.

வாக்குமூலத்தைத் தமிழில் என் கையாலேயே எழுதித் தரலாம், கன்னட மொழிபெயர்ப்பை இணைத்துக்கொள்வோம் என்று உதவி ஆய்வாளர் கிருஷ்ணப்பா அனுமதித்ததால் நானே எழுதுகிறேன்.

புகார் கொடுத்திருப்பவர் சென்னையைச் சேர்ந்த சுந்தரராமன். இறந்துபோன ருக்மணி டீச்சரின் அண்ணன் மகன். நான் அவருடைய அத்தையின் தங்கை என்று மருத்துவமனையில் பொய்யாகக் கையெழுத்துப் போட்டு, அவரை வெளியே கொண்டுவந்து சாகவிட்டேன் என்பது புகார். கையெழுத்து என்னுடையதுதான்.

ருக்மணி டீச்சரும் நானும் ஒரே பள்ளியில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தோம். அவர் அறிவியல். திருமணம் செய்துகொள்ளவில்லை. எனக்குப் பிள்ளைகள் இல்லை. 1994இல் என் கணவருக்கு மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு, தொண்டையில் குழாயோடு முப்பத்தோரு நாள் கிடந்து இறந்தார். முப்பத்தோரு நாளும் ருக்மணி டீச்சர்தான் எனக்குப் பகல் சாப்பாடு கொண்டுவந்தார். அதன் பிறகு என் வீட்டு மாடிக்கே குடிவந்துவிட்டார்.

1995 ஜூன் மாதம் அவர் ஒரு முழுத்தாளில் நான்கு வரி எழுதினார். தனக்கு நினைவு தப்பி வாயால் சொல்ல முடியாமல் போனால், தன் வைத்தியம் பற்றிய முடிவுகளை கேத்தரின் எடுக்க வேண்டும் என்றும், தொண்டையில் குழாய் போடக் கூடாது என்றும் அதில் இருந்தது. சொந்தக்காரர் இருக்கும்போது உங்களை ஏன் நியமித்தார் என்று உதவி ஆய்வாளர் கேட்டார். ஓர் உதாரணம் சொன்னேன். வகுப்புத் தலைவியாக யாரை வைப்பது என்று பார்க்கும்போது ஆசிரியைக்குப் பிரியமான பெண்ணை வைக்க மாட்டோம். ஆசிரியை இல்லாத நேரத்தில் ஆசிரியை சொன்னதைச் செய்கிற பெண்ணைத்தான் வைப்போம். உதாரணம் வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதுங்கள் என்றார். நடந்தது இது. நானும் இதே கேள்வியைக் கேட்டேன். “சுந்து அழுதுடுவான், கேத்தி. அழறவா கையில என்னைக் கொடுக்க மாட்டேன். நீ கணக்கு டீச்சர்” என்றார்.

வினாத்தாளோ கடிதமோ எதை எழுதினாலும் இன்னொரு டீச்சரிடம் கொடுத்துத் திருத்தி வாங்குவது எங்கள் பள்ளி வழக்கம். அந்தப் பழக்கத்தில் இந்தத் தாளையும் என்னிடம் நீட்டினார். நானும் அதே பழக்கத்தில் சிவப்புப் பேனாவை எடுத்து, கடைசி வரியில், “இரண்டு மருத்துவர்கள் இனி நம்பிக்கையில்லை என்று எழுத்தில் கொடுத்த பிறகு குழாய் வேண்டாம்” என்று மாற்றினேன். அவர் படித்துவிட்டு, “எந்த டாக்டர் எழுதித் தருவான்? நோக்கு பயம், அதான் வரி சேர்க்கறே” என்று சிரித்தார். பிறகு அதன் கீழேயே கையெழுத்துப் போட்டார். சிவப்பு மையில் இருப்பது பின்னால் சேர்த்த மோசடி என்று புகாரில் உள்ளது. அன்றைக்கே, அவர் எதிரிலேயே சேர்த்தேன்.

10.8.1999 செவ்வாய்க்கிழமை காலை அவர் குளியலறையில் விழுந்தார். ஆட்டோவில் புகாரில் கண்ட தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். கடிதத்தைக் காட்டினேன். சட்டத்தில் இதற்கு இடமில்லை, இரத்த சம்பந்தம் உள்ளவர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அதன் பிறகு உறவுமுறை என்ற இடத்தில் தங்கை என்று எழுதினேன். கவுன்டரில் இருந்த மமதா என்ற பெண் படித்துப் பார்த்து, “ஏன் மேடம், அக்கா ருக்மணி, தங்கச்சி கேத்தரினா?” என்று கேட்டார். “எங்க வீட்ல அப்படித்தாம்மா” என்றேன். “ஹோக்லி பிடி மேடம், போகட்டும் விடுங்க, எனக்கென்ன” என்று முத்திரை குத்தினார்.

குழாய் போடலாமா என்று மருத்துவர் என்னைக் கேட்டார். அப்போது எந்த மருத்துவரும் எதையும் எழுதித் தந்திருக்கவில்லை. ஆகவே போடுங்கள் என்றேன்.

மூன்றாம் நாள் சுந்தரராமன் வந்தார். எதையும் விட்டுவிடாதீர்கள் என்று மருத்துவர்களிடம் கைகூப்பிக் கேட்டுக்கொண்டார். அவர் கெட்டவர் அல்ல. அத்தையின் கால் பக்கத்தில் நின்று அழுதார். நான் தங்கை என்று எழுதியிருப்பது அப்போது அவருக்குத் தெரியாது. அதன் பிறகு வேலை காரணமாகச் சென்னை திரும்பி, தினமும் மாலையில் எனக்குப் போன் செய்தார்.

ஏழாம் நாளிலிருந்து நான் மருத்துவர்களிடம் எழுத்தில் கேட்கத் தொடங்கினேன். பெரிய மருத்துவர், “மூளை போயிடுச்சு மேடம், வாயால நூறு தடவை சொல்றேன், எழுதிக் கேட்காதீங்க” என்றார். மற்றவர் பெரியவரைக் கேளுங்கள் என்றார். பையன் தேறமாட்டான் என்று ஆசிரியர் அறையில் எல்லோரும் பேசுவார்கள், மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போட மட்டும் ஆள் இருக்காது, அதைப் போலத்தான் இருந்தது. உதாரணத்துக்கு மன்னிக்கவும்.

பன்னிரண்டாம் நாள் அவருடைய வலது கையைக் கட்டில் கம்பியோடு துணி வைத்துக் கட்டியிருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். “குழாயப் பிடிச்சு இழுக்குறாங்க ஆன்ட்டி. நெனவோட இல்ல, தானா வருது” என்று செவிலியர் ஷில்பா சொன்னார். அன்று மாலை போனில் சுந்தரராமனிடம் சொன்னேன். “கை அசையறதா! பாத்தேளா டீச்சர், அத்தை கண்ணத் தொறந்துடுவா” என்றார். மணிக்கட்டில் துணி உராய்ந்து தோல் உரிந்திருந்தது. தேங்காய் எண்ணெய் தடவ அனுமதி கேட்டேன், கொடுத்தார்கள். அதன் பிறகு தினமும் தடவினேன்.

28ஆம் தேதி சனிக்கிழமை, வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று சுந்தரராமனிடம் போனில் சொன்னேன். “திங்கக்கெழம வரேன், அதுவரைக்கும் ஒண்ணும் பண்ணாதீங்கோ” என்றார். சரி என்று சொன்னேன். அது நான் சொன்ன இரண்டாவது பொய்.

29ஆம் தேதி ஞாயிறு காலை, மருத்துவர் சொல்லுக்கு மாறாக அழைத்துப் போகிறேன் என்ற படிவத்தில் தங்கை என்றே கையெழுத்துப் போட்டேன். வேறு படிவம் யாரும் கேட்கவில்லை. அதன் பிறகு ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். உதவியாளர் நாகேஷ் வழி முழுவதும் கையால் பையை அமுக்கிக் காற்றுக் கொடுத்துக்கொண்டு வந்தார். மாடிக்கு ஏற்ற முடியாததால் என் முன்னறையில் படுக்க வைத்தோம். வாசலில் ஆராதனைக்குப் போகிறவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். பத்து நிமிடம் நான் எதுவும் சொல்லவில்லை. நாகேஷ் கை மாற்றி மாற்றி அமுக்கினார். கடைசியில், “மேடம், கை வலிக்குது. நானா விட முடியாது. நீங்க சொல்லணும்” என்றார்.

“போதும்ப்பா, எடுத்துடு” என்று சொன்னேன். இதை நான்தான் சொன்னேன். நாகேஷ் மீது குற்றமில்லை. வேறு யாரும் என்னைத் தூண்டவில்லை. மருத்துவர்கள் எழுதித் தந்தது எதுவும் என் கையில் இருக்கவில்லை. குழாயை எடுத்ததும் அவர் வாய் மூடிக்கொண்டது. பதினான்கு நிமிடம் மூச்சு இருந்தது. கையை நான் பிடித்திருந்தேன்.

அதன் பிறகு சுந்தரராமனுக்குப் போன் செய்தேன்.

நான் அவசரப்பட்டதாகப் புகாரில் எழுதியிருக்கிறது. இறுதியாக ஏதாவது சொல்ல வேண்டுமா என்று உதவி ஆய்வாளர் கேட்டார். குழாய் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவரைப் பத்தொன்பது நாள் குழாயோடு கிடத்தினேன், அது எந்தப் பிரிவில் வரும் என்று கேட்டேன். புத்தகத்தைப் புரட்டாமலே, அப்படி ஒரு பிரிவு இல்லை அம்மா என்றார்.

இதில் உள்ளவை நான் கண்டவை, செய்தவை. யாரும் மிரட்டவோ சொல்லிக் கொடுக்கவோ இல்லை. முழுவதும் ஒரு முறை வாசித்துப் பார்த்து, சரி என்று கண்டு கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) கேத்தரின் மேரி