தளபதியின் கடைசி முகம்

மாட்டிறைச்சி சூப் வாசனை வந்தாலே எனக்குப் பசிக்கும், இன்ஸ்பெக்டர் ஐயா. அன்று மட்டும் பசிக்கவில்லை.

வியன்னாவில் பெரிய மனிதர் ஒருவர் சாகக் கிடந்தால் முதலில் பாதிரியாரை அழைப்பார்கள், அடுத்து என்னை. உயிர் போனதும் முகத்தில் சுண்ணச் சாந்து பூசி அச்செடுத்து, நினைவுக்கு அந்த முகத்தை வார்த்துக் கொடுப்பது என் தொழில். ஆனால் உறவினர்கள் அழுது முடித்து, சொத்துப் பேச்சையும் முடித்துத்தான் ஆளனுப்புவார்கள். அதற்குள் கன்னம் தொங்கிவிடும். ‘பெனடிக்ட் ஸ்வெட்லர் செய்த மாவீரர்கள் எல்லாம் வேகாத ரொட்டி மாவு’ என்று என்னைப் பற்றி ஒரு பத்திரிகை எழுதியது. காபிக்கடைகள் சிரித்துத் தீர்த்தன.

தளபதி ஓட்டோகர் ரேலிங் நுரையீரல் காய்ச்சலில் படுத்ததும், அவருடைய பழைய படைப்பிரிவு என்னை முன்கூட்டியே அனுப்பியது. அவர் வீட்டுச் சமையலறையில் காத்திருந்தேன். காய்ச்சல் அவர் முகத்தில் உளி வைத்து வேலை செய்துகொண்டிருந்தது. கொழுப்பு கரைந்து, போர்க்களத்தில் நின்ற மனிதர் மறுபடி வெளியே வந்திருந்தார். அப்படியொரு முகம் எனக்குக் கிடைத்ததே இல்லை.

அப்புறம் அவர் பிழைத்துவிட்டார்.

“என்னய்யா, கழுகு மாதிரி சுத்திக்கிட்டிருந்தியே, ஏமாந்துட்டியா?” என்றார்.

“நீங்க பொழைச்சதுல சந்தோஷம்தான், தளபதி ஐயா.”

“பொய் சொல்லாத, உன் மூஞ்சியே காட்டிக்குடுக்குது. சரி, வந்ததுக்கு உயிரோடவே எடுத்துட்டுப் போ. செத்தா எப்படி இருப்பேன்னு நானும் பாக்கறேன்.”

“அபசகுனம்ங்க” என்றாள் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வால்புர்கா.

“நீ போய் சூப்பைச் சூடு பண்ணு. முடிச்சுட்டுக் குடிக்கிறேன்.”

உயிருள்ளவருக்கு அச்செடுக்கும்போது மூக்கில் இரண்டு வைக்கோல் குழல்கள் செருக வேண்டும், மூச்சுக்கு. பிணத்துக்கு வேண்டாம். வித்தியாசம் அவ்வளவுதான்.

சாந்தைப் பூசினேன். குழல்கள் வழியே மூச்சு வந்து போயிற்று. நாளை சூப் குடிப்பார், மறுநாள் இறைச்சி. முகம் ஊதிவிடும். என்றைக்கோ ஒருநாள் மாவாகவே சாவார், நாடு அந்த மாவைத்தான் நினைவில் வைத்திருக்கும். அவருக்கு அந்த அவமானம் வேண்டாம் என்று நினைத்தேன்.

குழல்களை உருவினேன். துளைகளைச் சாந்தால் மூடினேன்.

இதயம் நின்றுவிட்டது என்றேன். டாக்டரும் ஒப்புக்கொண்டார். ‘மரணத்திலும் போரிடும் முகம்’ என்று அதே பத்திரிகை எழுதியது. எந்தப் பிணத்துக்கு ஐயா அப்படிப் புருவம் நெரியும்? ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

உடலைக் கழுவும்போது வால்புர்கா அவர் விரல்களைப் பிரித்துப் பார்த்திருக்கிறாள். உள்ளே என் சட்டைக் கைப் பொத்தான்.

இப்போது நீங்கள் அதை மேஜைமேல் வைத்து, அவர் போராடினார் என்கிறீர்கள். இல்லை ஐயா. படைகளையே விரட்டிய மனிதர், விருப்பமில்லை என்றால் என்னைத் தள்ளியிருப்பார். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். சாந்து இறுகும்வரை விடவேயில்லை. என் வேலைமேல் அவ்வளவு நம்பிக்கை.